தினமும் தோளில் மாட்டிக் கிளம்ப ஒரு கேமரா பை: தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

கேமரா பை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என்னிடம் இருப்பதெல்லாம் இதில் அடங்குமா?" என்றுதான். அங்கேயே தடம் மாறிவிடுகிறது. இருப்பதெல்லாம் அடங்கும் பை அலமாரியின் வேலையைத்தான் செய்யும். சும்மா இரண்டு மணி நேரம் நடந்து படமெடுத்துவிட்டு வரலாம் என்று நினைக்கும்போது அதன் கனமே நம்மை உட்கார வைத்துவிடும். பை வீட்டில் கிடக்கும், கேமராவும் அதற்குள்ளேயே கிடக்கும்.

இங்கே பேசப்போவது மாலை நடை, வார இறுதியில் ஊர் சுற்றுவது, வேலைக்குப் போகும் வழியில் கண்ணில் படுவதை எடுப்பது மாதிரியான சாதாரண வெளிக்கிளம்பல்களுக்கான பை பற்றி மட்டும். காட்டுயிர் படமெடுப்பவர்களுக்கும் திருமண நிகழ்ச்சிகளில் வேலை செய்பவர்களுக்கும் தேவை வேறு.

ஒரு பையை எடைபோட நான் முதலில் பார்ப்பது, கேமரா பையிலிருந்து கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை. கொள்ளளவு, துணி, ஜேப்புகளின் எண்ணிக்கை எல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே வரும் படிகளையும் அந்தக் கண்ணோடுதான் எழுதியிருக்கிறேன்.

படி 1: மேசையில் பரப்புங்கள்

வழக்கமாக வெளியே எடுத்துப் போகும் பொருட்களை மட்டும் மேசையில் பரப்புங்கள். 'ஒருவேளை தேவைப்படலாம்' என்று தோன்றுவது எதுவும் வேண்டாம்.

எது வழக்கமாகப் பயன்படுகிறது என்பதில் நம் நினைவை அதிகம் நம்ப முடியாது. அதனால் கடந்த சில மாதங்களில் எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, எந்த லென்ஸில், எந்த ஃபோகல் லெங்த்தில் (காட்சி எவ்வளவு நெருங்கித் தெரியும் என்பதைக் காட்டும் மி.மீ. எண்) எடுத்தவை என்று பாருங்கள். ஒவ்வொரு படக் கோப்பிலும் அந்த விவரம் எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருட்கள் லென்ஸ் வாரியாகப் பிரித்தே காட்டும். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் என்று ஆசையாக வாங்கிய டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த படங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன என்று பலருக்கு அப்போதுதான் தெரியவரும். அந்த லென்ஸை விற்க வேண்டியதில்லை. தினசரிப் பையில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

என் பார்வையில் ஒரு கேமரா, அதில் மாட்டிய ஒரு லென்ஸ், மாற்று லென்ஸ் ஒன்று, உபரி பேட்டரி ஒன்று, மெமரி கார்டு, துடைக்கும் துணி. இதுவே தினசரிக்குத் தாராளம். மூன்றாவது லென்ஸைச் சேர்த்தால் படமெடுக்கும் நேரம் குறைந்து, எதை மாட்டலாம் என்று யோசிக்கும் நேரம்தான் கூடுகிறது.

கேமரா சாராத பொருட்களையும் அதே மேசையில் வையுங்கள்: தண்ணீர் பாட்டில், குடை, கண்ணாடிக் கூடு, சாவி, பணப்பை, மருந்து, சார்ஜர். பலர் பை வாங்கும்போது மறப்பது இவற்றைத்தான். அப்புறம் கேமரா அறைக்குள் சாவியைத் திணிக்கிறார்கள், லென்ஸ் கண்ணாடியில் கோடு விழுகிறது.

படி 2: எடையைக் கூட்டுங்கள்

காகிதத்தில் கூட்டிப் பார்த்தால்தான் எடை விவகாரம் புரியும். சோனி ஏ7 நான்காம் பதிப்பு கேமரா, பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். அதன் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பு லென்ஸ் 695 கிராம். 70-200 மி.மீ. எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பையும் எடுத்துக்கொண்டால் இன்னொரு 1,045 கிராம். மொத்தம் கிட்டத்தட்ட 2.4 கிலோ. ஒன்றரைக் கிலோ எடையுள்ள முதுகுப்பையையும் ஒரு லிட்டர் தண்ணீரையும் சேர்த்தால் 5 கிலோவை நெருங்கிவிடுகிறோம். இந்தப் பக்கம் ஃபூஜிஃபில்ம் எக்ஸ்-டி5 கேமரா 557 கிராம், 23 மி.மீ. எஃப் 2 லென்ஸ் 180 கிராம், 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் 200 கிராம். மூன்றும் சேர்ந்தே ஒரு கிலோவைத் தொடவில்லை. இந்த இரண்டு சாமான்களுக்கும் ஒரே வகைப் பை எப்படிப் பொருந்தும்?

தண்ணீர் உட்பட மொத்த எடை 3 கிலோவுக்குள் நின்றால் ஒரு தோளில் மாட்டும் பை போதும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அதைத் தாண்டினால் இரண்டு தோளிலும் எடை பகிரப்பட வேண்டும். கழுத்து வலி, தோள் வலி ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த எல்லையை இன்னும் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

காலிப் பையின் எடையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதையாக, ஒரு கிலோ கேமராவைச் சுமக்க இரண்டு கிலோ பை வாங்குகிறவர்கள் நிறைய. உள்ளே போகும் கேமரா சாமானின் எடையை வெறும் பையே எட்டுகிறது என்றால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

படி 3: வகையை முடிவு செய்யுங்கள்

ஸ்லிங் பை: மார்புக்குக் குறுக்கே ஒரே பட்டை. நடக்கும்போது முதுகில் இருக்கும், வேண்டும்போது முன்னால் சுழற்றிக்கொள்ளலாம். தினசரிக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். 5 முதல் 7 லிட்டர் வரையிலான ஸ்லிங்கில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகை) இரண்டு சிறிய லென்ஸ்களும் தாராளமாக உட்காரும். கீழே வைக்காமலே, நின்ற இடத்திலேயே திறந்து மூடலாம். ஒரே தோளில் எடை இறங்குவதுதான் குறை. 10 லிட்டருக்கு மேற்பட்ட ஸ்லிங்குகளும் விற்கிறார்கள். அவற்றை நிரப்பினால் சுழற்றவே சிரமமாகிவிடும். பிறகு ஸ்லிங் வாங்கி என்ன பயன்?

ஸ்லிங் வாங்கும்போது எந்தத் தோளுக்கு ஏற்றபடி தைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். சில பைகளை இரண்டு பக்கமும் மாற்றிப் போடலாம், சிலவற்றில் முடியாது. தவறான தோளில் போட்டு முன்னால் சுழற்றினால் ஜிப் தலைகீழாக வந்து நிற்கும்.

தோள்பை, அதாவது மெசஞ்சர் பை: பக்கவாட்டில் இடுப்பருகே தொங்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரியும், லென்ஸ் மாற்ற இதைவிட வசதியான பை கிடையாது. நின்று நிதானமாக எடுப்பவர்களுக்கு அருமை. வேகமாக நடந்தால் தொடையில் இடிக்கும், மாடிப்படி ஏறினால் ஆடும், சைக்கிளில் போனால் முன்னால் வந்து விழும். பையை முதுகோடு நிறுத்திப் பிடிக்கும் இரண்டாவது மெல்லிய பட்டை சிலவற்றில் இருக்கும். சைக்கிள், இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் அது இல்லாத தோள்பையை வாங்க வேண்டாம்.

முதுகுப்பை: எடையை ஒழுங்காகச் சுமக்க இதுதான் வழி. மடிக்கணினி, மழைச்சட்டை, தண்ணீர் என்று நாள் முழுக்க வெளியே இருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் கேமராவை எடுக்கக் கழற்ற வேண்டும், வைக்கத் திரும்பக் கழற்ற வேண்டும். மூன்றாம் முறை அலுத்துப்போய், கேமராவைக் கழுத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு வெறும் பையைச் சுமப்போம். அதனால் தினசரிக்கு முதுகுப்பை வாங்குவதாக இருந்தால், பக்கவாட்டில் திறக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு தோள்பட்டையை மட்டும் கழற்றி, பையை முன்னால் சுழற்றி, பக்க ஜிப் வழியாகக் கேமராவை உருவுகிற அமைப்பு அது. 15 முதல் 20 லிட்டர் போதும். இருபதைத் தாண்டும் பை பயணத்துக்கு உரியது.

ஹோல்ஸ்டர்: லென்ஸ் கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு கேமராவை மட்டும் வைக்கும் முக்கோண வடிவப் பை. மாற்று லென்ஸே எடுத்துப் போகாதவர்களுக்கு மலிவான, நல்ல தீர்வு. பார்க்க அழகாக இருக்காது என்பது மட்டும்தான் இதன் மேல் எனக்குள்ள புகார்.

கடைசியாக, பலர் கண்ணில் படாத ஒரு வழி: இன்சர்ட். மெத்தை வைத்துத் தைத்த, தடுப்புகள் உள்ள பெட்டி போன்ற ஒரு பொருள். அதை ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சாதாரணப் பைக்குள் இறக்கிவிடலாம். வெளிப்பார்வைக்கு அது கேமரா பை என்றே தெரியாது, கேமரா வேண்டாத நாளில் எடுத்து வெளியே வைத்துவிடலாம், செலவும் குறைவு. தினமும் அலுவலகப் பையைச் சுமப்பவர்களுக்கு இது போதும். இதை முயன்று பார்க்காமல் புதுப் பை வாங்க ஓடாதீர்கள் என்றே சொல்வேன்.

படி 4: திறந்து மூடும் விதத்தைப் பாருங்கள்

விளம்பரங்களில் இதைப் பற்றிய பேச்சே இருக்காது. ஆனால் ஒரு நாளில் பத்து இருபது முறை நீங்கள் செய்யப்போகும் வேலை இதுதான்.

ஜிப்பில் தொடங்குவோம். ஜிப்பின் எண் ஏறக்குறைய அதன் பற்கள் மூடிய நிலையில் உள்ள அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். சின்ன ஜேப்புகளுக்கு 5-ஆம் எண் போதும். பிரதான அறைக்கு 8 அல்லது 10 இருந்தால் நீடித்து உழைக்கும். ஒய்கேகே போன்ற அறியப்பட்ட பெயர் இழுப்பானில் பொறித்திருந்தால் ஒரு நல்ல அறிகுறி, ஆனால் அதோடு சோதனையை முடித்துவிடக் கூடாது. ஜிப் செல்லும் பாதையின் மூலைகளைப் பாருங்கள். கூர்மையாக வளையும் இடத்தில் ஜிப் சிக்கும், முதலில் பழுதாவதும் அங்கேதான். ஒரே கையால், பையைப் பிடிக்காமல், முழுசாகத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். தண்ணீர் புகாதபடி மேலே பூச்சு பூசிய ஜிப்புகள் புதிதில் இறுக்கமாகத்தான் இருக்கும். அவற்றை ஒரு கையால் இழுத்தால் ஜிப் நகராமல் பையே கூட வரும்.

வெல்க்ரோ வகை ஒட்டுப்பட்டை விரைவானது, ஆனால் 'பர்ர்ர்' என்று கிழியும் சத்தம். அமைதியான அரங்கிலோ, தூங்கும் குழந்தையின் அருகிலோ, யாரும் கவனிக்காமல் எடுக்க விரும்பும் தெருவிலோ அது உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். நூல், பஞ்சுத் தூசி சேரச் சேரப் பிடிப்பும் குறையும். உள்தடுப்புகளுக்கு ஒட்டுப்பட்டை சரி. மூடியில் இருந்தால் வேண்டாம்.

காந்தப் பூட்டுகள் இப்போது பிரபலம். ஃபிட்லாக் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பூட்டுகளைப் பல பைகளில் பார்க்கலாம். அருகே கொண்டுபோனாலே தானாகப் பொருந்திக்கொள்ளும். மெமரி கார்டில் உள்ள படங்கள் காந்தத்தால் அழிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். எஸ்டி கார்டுகளும் சிஎஃப்எக்ஸ்பிரஸ் கார்டுகளும் தகவலை மின்னேற்றமாகச் சேமிப்பவை, பைக் காந்தம் அவற்றை ஒன்றும் செய்யாது. காந்தப்பட்டை உள்ள விடுதி அறைச் சாவி அட்டைகளை மட்டும் பூட்டின் அருகே உள்ள ஜேப்பில் வைக்காதீர்கள்.

இன்னொரு சோதனை. அவசரத்தில் ஜிப்பைப் போடாமலே நடக்க ஆரம்பிப்பது எல்லோரும் செய்வதுதான். அந்த நிலையில் குனிந்தால் கேமரா வெளியே சரியுமா? மூடி தன் கனத்தாலேயே விழுந்து மறைத்துக்கொள்ளும் பைகளும், உள் விளிம்பு சற்று உயரமாக இருக்கும் பைகளும் இந்த விஷயத்தில் தப்பித்துவிடும். மெல்லிய ஸ்லிங்குகளில் ஜிப் திறந்திருந்தால் கேமரா நேராகத் தரைக்குப் போகும்.

முதுகுப்பையில் கேமரா அறை எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் முக்கியம். முன்பக்கம் திறக்கும் பையை, முதுகில் படும் பக்கம் கீழே இருக்கும்படி தரையில் படுக்க வைக்க வேண்டும். ஈர மண்ணில் வைத்தால் அந்தச் சேறு அப்படியே உங்கள் சட்டைக்கு வரும். முதுகுப் பக்கம் திறக்கும் பையில் இந்தத் தொல்லை இல்லை. மாட்டியிருக்கும்போது வேறு யாரும் அதைத் திறக்கவும் முடியாது.

படி 5: லிட்டரை விடுங்கள், உள்ளளவைப் பாருங்கள்

லிட்டர் கணக்கு கேமரா பைக்கு அவ்வளவாக உதவாது. வெளி ஜேப்புகளையும் சேர்த்து ஒரு நிறுவனம் கணக்கிடும், இன்னொன்று பிரதான அறையை மட்டும் சொல்லும். அதனால் அளவு நாடாவை எடுங்கள்.

கேமராவில் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் லென்ஸை மாட்டி, பின்னாலுள்ள கண்பகுதியிலிருந்து லென்ஸ் மூடிவரை நீளத்தை அளங்கள். மேலே சொன்ன ஏ7 கேமராவில் 24-70 லென்ஸை மாட்டினால் ஏறக்குறைய 18 செ.மீ. வரும். லென்ஸ் ஹுட்டை (பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுக்கும் வளையம்) திருப்பி மாட்டி வைப்பவர் என்றால் அதோடு விட்டமும் கூடும், அதையும் அளங்கள். பிறகு கேமராவின் அகலம், உயரம். எல்லாவற்றோடும் ஒன்றிரண்டு செ.மீ. கூட்டிக்கொண்டு, பையின் விவரக் குறிப்பில் உள்ள 'உள்ளளவு' என்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். வெளியளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே மெத்தை 2 செ.மீ. தின்றுவிடும்.

சிறிய பைகளில் பெரும்பாலும் காலை வாருவது ஆழம், அதாவது உடம்பிலிருந்து வெளிநோக்கிய தடிமன். கைப்பிடி புடைத்த கேமராவை மெல்லிய பையில் திணித்தால் ஜிப் அதன் மேல் உரசிக்கொண்டே மூடும். டயல்கள் தானாகச் சுழன்று அமைப்பு மாறியிருக்கும், சில நேரம் கேமராவே ஆன் ஆகி பேட்டரி தீர்ந்திருக்கும்.

படி 6: உள்ளே அடுக்குவதை யோசியுங்கள்

லென்ஸ் மாற்றும் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு கையில் கேமரா, கழற்றிய லென்ஸ் இன்னொரு கையில், மாட்ட வேண்டியது பையில். மூன்றாவது கை இல்லை. இதற்காகவே பையில் எப்போதும் ஒரு அறையைக் காலியாக விடுங்கள். கழற்றிய லென்ஸ் அதில் போகும், அடுத்ததைக் கை எடுக்கும். இரண்டு லென்ஸ் எடுத்துப் போகிறவருக்கு மூன்று அறை தேவை என்று சொல்வது இதனால்தான். நிறைத்துவிட்ட பையில் லென்ஸ் மாற்றுவது எப்போதும் பதற்றமான வேலை.

லென்ஸை, மாட்டும் முனை மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தினால் எடுத்தவுடன் பின்மூடியைத் திருகிக் கேமராவில் பொருத்திவிடலாம். கேமராவை லென்ஸ் கீழ்நோக்கி வைக்கும்போது கைப்பிடி மேலே வந்து கைக்கு நேராகச் சிக்கும். ஆனால் கேமராவின் கனம் முழுவதும் லென்ஸின் முன்முனையில் இறங்கக் கூடாது. இரண்டு பக்கத் தடுப்புகள் கேமரா உடலைத் தாங்கி, லென்ஸ் அடியைத் தொடாமல் தொங்கும்படி தடுப்பின் உயரத்தை அமையுங்கள். நல்ல பைகளில் தடுப்பை மடித்துத் தட்டு போலாக்கும் வசதி இதற்காகவே இருக்கிறது.

உட்புறத் துணி வெளிர் சாம்பல், மஞ்சள் என்று பளிச்சென்று இருக்கட்டும். லென்ஸ் மூடி, பேட்டரி, ஃபில்டர் கூடு எல்லாமே கறுப்பு. மாலை வெளிச்சத்தில் கறுப்பு உள்துணிக்குள் கறுப்பு மூடியைத் தேடுவது எரிச்சலான வேலை.

பேட்டரியைத் தனி ஜேப்பில் வையுங்கள், சாவியும் சில்லறையும் இருக்கும் இடத்தில் வேண்டாம். உலோகம் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குமின்சுற்று ஏற்பட்டுச் சூடாகும். பேட்டரியோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போடாதீர்கள். முனை மேலே இருந்தால் நிறைந்தது, கீழே இருந்தால் தீர்ந்தது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் தேடல் மிச்சம்.

படி 7: துணி, மெத்தை, மழை

பை எவ்வளவு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பழைய சிந்தனைப் போக்குகள் உண்டு. 1970களில் பிலடெல்பியா இன்க்வைரர் நாளிதழின் புகைப்படக்காரர் ஜிம் டோம்கி, அன்றைய கனமான பெட்டிகள் பிடிக்காமல் தனக்காக ஒரு மெல்லிய கேன்வாஸ் பையை வடிவமைத்தார். மெத்தை கிட்டத்தட்ட இல்லை, உடம்போடு ஒட்டித் தொங்கும், கை சட்டென உள்ளே போகும். எஃப்-2 என்ற பெயரில் செய்தியாளர்கள் மத்தியில் அது பரவியது. அதே காலத்தில் பிரிட்டனில் பில்லிங்காம் மீன்பிடிப் பைகள் செய்துகொண்டிருந்தது. 1973இல் தொடங்கிய நிறுவனம். நியூயார்க்கில் புகைப்படக்காரர்கள் அந்தப் பைகளை வாங்கிக் கேமராவுக்குப் பயன்படுத்துவது தெரிந்ததும் கேமரா பைக்கே திரும்பினார்கள். இரண்டு கேன்வாஸ் அடுக்குகளுக்கு நடுவே ரப்பர் வைத்த துணி, உள்ளே கழற்றக்கூடிய மெத்தை. மழை அதிகம் பார்க்கும் ஊர்க்காரர்களின் சிந்தனை.

தினசரிக்கு நான் டோம்கி பக்கம்தான் சாய்வேன். பை தோளிலோ மடியிலோ இருக்கும்போது கனத்த மெத்தை வீண் பருமன். மெத்தை அவசியம் வேண்டிய இடம் இரண்டு: அடிப்பகுதி (பையை 'டொம்' என்று கீழே வைப்போமே), லென்ஸ்களுக்கு நடுவே உள்ள தடுப்பு. அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அமுங்கி மறுபக்கத்து விரல் தட்டுப்பட்டால் அந்த ஃபோம் போதாது. விமானச் சரக்கில் போடுகிற நிலைமையெல்லாம் வேறு கதை, அதற்குக் கெட்டிப் பெட்டி வேண்டும்.

துணியின் தடிமனை டெனியர் என்ற அலகில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் கூடும், பையின் எடையும் கூடும். தினசரிக்கு 400 முதல் 600 டெனியர் வரையிலான நைலான் போதும். 1,000 டெனியர் கரடுமுரடான வேலைகளுக்கு. ஒரே டெனியரில் நைலான் பொதுவாகப் பாலியெஸ்டரைவிட உராய்வைத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலில் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது.

'நீர்ப்புகா' என்று எழுதியிருந்தாலும் தையல் துளைகள் வழியாகவும் ஜிப் வழியாகவும் தண்ணீர் இறங்கும். தூறலைத் தாங்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மழை உறை பையோடு வந்தால் நல்லது, வராவிட்டால் தனியாக வாங்கலாம். முதுகுப்பையின் மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது, அந்த வழியாக நீர் வழியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை மடித்து உள் ஜேப்பில் வைத்துக்கொண்டால் அடைமழையில் கேமராவை அதில் சுற்றி உள்ளே தள்ளிவிடலாம்.

தோல் பைகள்? பார்க்க அழகு. கனம், விலை, ஈரக்காற்றில் பூசணம். ஆசை இருந்தால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை.

படி 8: பட்டை

தோள்பட்டை குறைந்தது 4 செ.மீ. அகலம் இருக்கட்டும். கார் இருக்கைப் பட்டை மாதிரி வழுவழுப்பான நெசவு ஸ்லிங்குக்கு ஏற்றது, எளிதாகச் சுழலும். தோள்பைக்கு அதுவே தொல்லை, வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு ரப்பர் இழை சேர்த்து நெய்த பட்டையோ அடியில் பிடிமானம் உள்ள தோள்மெத்தையோ வேண்டும். நீளத்தை ஒரே இழுப்பில் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா? முன்னால் சுழற்றத் தளர்த்துவதும், நடக்க இறுக்குவதும் நாள் முழுக்க நடக்கும். முதுகுப்பையின் மார்புப் பட்டையை மேலும் கீழும் நகர்த்த முடிய வேண்டும். அது ஒரே இடத்தில் தைத்திருந்தால் பல பெண்களுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும் தொந்தரவாகிவிடும். 20 லிட்டருக்குள் இடுப்புப் பட்டை தேவையில்லை.

படி 9: கண்ணில் படாமல் இருப்பது

கேமரா நிறுவனத்தின் பெயர் பெரிதாகப் பொறித்த பை, உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஊருக்கே சொல்லிவிடும். கேமராவோடு இலவசமாக வரும் பைகளில் எனக்குள்ள முதல் ஆட்சேபம் இது. மங்கலான நிறம், சாதாரணத் தோற்றம் போதும். கூட்டத்தில் முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். உட்காரும்போது பட்டையை நாற்காலிக் காலிலோ உங்கள் காலிலோ ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள். வெட்ட முடியாத கம்பி வைத்த பட்டையெல்லாம் தினசரிக்கு அதிகப்படி.

படி 10: சொந்தச் சாமானோடு சோதியுங்கள்

கடைக்குப் போனால் உங்கள் கேமரா, லென்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடுவை முதலில் பார்த்துவிட்டு, விலைச் சீட்டைக் கிழிக்காமல் வீட்டுக்குள்ளேயே சோதியுங்கள்.

எல்லாவற்றையும் நிரப்பி, மாட்டி, கால் மணி நேரமாவது நடங்கள். காலிப் பையை மாட்டிக் கண்ணாடி முன் நிற்பதில் ஒன்றும் தெரியாது. அப்புறம் நின்றபடியே கேமராவை எடுத்து, ஒரு படம் எடுத்து, திரும்ப வையுங்கள். பையைப் பார்க்காமல் இதைச் செய்ய முடிகிறதா? லென்ஸை ஒருமுறை மாற்றுங்கள். குனிந்து செருப்பை மாட்டுங்கள், பை முன்னால் சரிகிறதா பாருங்கள். தரையில் வைத்துக் கையை எடுங்கள். தானாக நிற்காமல் சாயும் பை வெளியில் உங்களைப் படாதபாடு படுத்தும். தண்ணீர் பாட்டிலைப் பக்க ஜேப்பில் நிரப்பி வைத்த பிறகு, பக்க ஜிப் திறக்கிறதா? பல முதுகுப்பைகள் தோற்பது இந்த இடத்தில்தான்: பாட்டிலும் முக்காலியும் வைக்கும் ஜேப், கேமராவை எடுக்கும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.

தையலைப் பார்க்க மறக்காதீர்கள். பட்டை பையோடு சேரும் இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பெட்டி போல் தைத்து, நடுவே பெருக்கல் குறி போட்டிருந்தால் நல்லது. ஒற்றை வரித் தையல் என்றால் அந்த இடம்தான் முதலில் பிய்யும்.

வாங்கிய பிறகு

கேமராவைப் பைக்குள் வைத்து மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். மெத்தையும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு வேறு. லென்ஸில் பூஞ்சை வளர ஏற்ற இடம். ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நெடுநாள் நீடித்தால் பூஞ்சைக்கு வழி பிறக்கும். 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்திருப்பது பாதுகாப்பு. வீட்டுக்கு வந்ததும் கேமராவையும் லென்ஸ்களையும் எடுத்து உலர்பெட்டியிலோ, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவிலோ வையுங்கள். நிறம் மாறும் சிலிகா ஜெல் வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெக்கையான வெளிக்காற்றுக்கு வரும்போது கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படரும். பை மூடியபடியே அரை மணி நேரம் இருக்கட்டும், உள்ளே இருப்பது மெதுவாக வெப்பமேறிக்கொள்ளும். இந்த இடத்தில் மெத்தை நமக்கு உதவவும் செய்கிறது.

மாதம் ஒருமுறை தடுப்புகளை எல்லாம் கழற்றி, பையைக் கவிழ்த்துத் தட்டி, வெற்றிட உறிஞ்சியால் மூலைகளைச் சுத்தம் செய்யுங்கள். பையின் அடியில் சேரும் பஞ்சும் மணலும்தான் லென்ஸ் மாற்றும்போது படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்குப் போகின்றன. சலவை இயந்திரத்தில் போட வேண்டாம், நீர்விலக்கும் பூச்சு போய்விடும், ஃபோம் உருக்குலையும். ஈரத்துணியும் லேசான சோப்பும் போதும், நிழலில் திறந்தபடி காயட்டும். பல பைகளின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சில ஆண்டுகளில் அது பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். அந்தத் துகள் கேமராவில் ஒட்டத் தொடங்கினால் பையை மாற்றிவிடுவதுதான் வழி. துடைத்துப் பார்த்துப் பயனில்லை.